மேனேஜர் சாய்ந்த பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? நான் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. விடுதியில் ஒரு அறைக்கு ஆறு பேர். எனக்கு மேல் கட்டில். கீழ்க் கட்டில்காரி என் சோப்பை எடுக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். நேற்று சோப்பின் மேல் நகத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

வேலை பிடித்திருக்கிறது. பை தைக்கிற ஆலையில் கடைசி மேசை என்னுடையது. தைத்து முடித்த ஒவ்வொரு பையும் என் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். ஜிப்பை மூன்று தடவை இழுக்க வேண்டும். பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்க்க வேண்டும். உள் தையலைப் பிதுக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்களடி! "இத்தனை வருஷமா இதத்தானே நீ சும்மா பண்ணிக்கிட்டு இருந்தே" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பால்கனியில் விட்டு வந்தது முப்பத்தொரு கள்ளித் தொட்டி. ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரியும். தேதி பார்த்துத் தண்ணீர் ஊற்றாதே. மூங்கில் குச்சியை அடி வரை குத்தி எடு. மண் ஒட்டினால் பேசாமல் உள்ளே போய்விடு. சுத்தமாக வந்தால் அதற்குப் பிறகும் நாலு நாள் பொறு. வெயிலில் செத்த கள்ளியை நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொன்றவர்கள்தான் நாலு பக்கமும் இருக்கிறார்கள்.

மேனேஜரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? விதையிலிருந்து வளர்த்தது, இருபத்திரண்டு வருஷம். உருண்டையாக ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், கிட்டே போனால் குத்துகிற ஆசாமிக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஒன்றரை வருஷ ஒப்பந்தம் முடிந்து வந்ததும் நான் போடப்போகிற நாற்றுப்பண்ணைக்கு அவர்தான் மூலதனம். எனக்கென்று இருப்பது நீயும் இந்தத் தொட்டிகளும்தான்.

போன் வேண்டாம். குரலை மாற்றிச் சமாளித்துவிடலாம், எழுத்தில் அது நடக்காது. மாதம் ஒரு கடிதம் போடு, படத்தோடு. மேனேஜர் பக்கத்தில் ஓர் அடிஸ்கேலை நிறுத்திப் படம் எடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அவரும் நலம். உன் சோப்பும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

முப்பத்தொன்றும் இருக்கின்றன. குச்சி குத்தித்தான் தண்ணீர். மேனேஜர் பதினெட்டரைச் சென்டிமீட்டர். ஸ்கேலை நிறுத்தும்போது என் விரலில் ஒரு முள்ளை ஏற்றிவிட்டார். பதவிக்கேற்ற குணம்.

அக்கா, ஒரு சந்தேகம் கேட்கிறேன், கோபப்படாதே. செடிகளை வீட்டுக்குள் வைத்தால் வளருமா? ஜன்னல் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் காலையில் பால்கனியில் நிற்கும்போது எதிர்க் கட்டடத்தில் யாரைப் பார்க்கிறேன் என்று அவர் கேட்கிறார். "செடியப் பாக்குறேன்"னேன். "அரை மணி நேரமா செடியில என்ன இருக்கு?"ன்னார். வேலைக்குப் போகும்போது பால்கனிக் கதவு இடுக்கில் ஒரு துண்டுக் காகிதம் செருகிவிட்டுப் போகிறார். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அது விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். திருடன் பயமாம். நான் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, அதே இடத்தில் அதே மடிப்போடு திரும்பச் செருகிவைக்கப் பழகிவிட்டேன். எனக்கும் உன் ஆலையில் வேலை கிடைக்கும் போல.

நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் தலையை மூடிக்கொள்.

உன் தங்கச்சி


பிப்ரவரி 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா நலம். உங்கள் இருவர் நலமும் அறியக் காத்திருக்கிறேன். சோப்பை யாரும் தொடவில்லை. ஆனால் எண்ணெய் குறைகிறது.

வீட்டுக்குள்ளா? உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு ஐந்து மணி நேரம் நேர் வெயில் படாவிட்டால் கள்ளி உச்சி வெளுத்து, வெளிச்சம் வருகிற பக்கம் கழுத்தை நீட்டும். ஒரு தடவை அப்படி மெலிந்த இடம் பிறகு எத்தனை வெயில் காட்டினாலும் பருக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் மேனேஜர் உடம்பில் அப்படி ஒரு மெலிவு கிடையாது. வெளியிலேயே இருக்கட்டும்.

திடீரென்று ஏன் கேட்கிறாய்? எதையாவது கீழே போட்டு உடைத்துவிட்டாயா? கடிதத்தில் படம் வேறு இல்லை. மறந்துவிட்டாயா, மறைக்கிறாயா?

மாப்பிள்ளை கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர், ஊரில் நடக்கிற அத்தனை கூத்தும் அவர் கண்ணில் படும். அக்கறை இல்லாதவன் எதையும் கேட்க மாட்டான். காகிதம் வைப்பது நல்ல யோசனை. நூறு பேரில் இவரை நான் ஏன் உனக்குப் பார்த்து முடித்தேன்? நம்மைப் போல ஒழுங்கான ஆள் என்பதால்தானே? கல்யாணமான வருஷமும் இப்படித்தான் ஏதோ சொல்லி மூக்கைச் சிந்தினாய். அப்போதும் இதையேதான் சொன்னேன். காலையில் சீக்கிரம் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வா, வேடிக்கை பார்க்காதே.

அடுத்த கடிதத்தில் படம் வந்தாக வேண்டும். இருவரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. மார்ச் மாதம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பிரேமில் கண்ணாடியைப் பொருத்துவது, திருகு முடுக்குவது, வருகிறவர்களின் மூக்குக்கு ஏற்றமாதிரி வளைப்பது. எத்தனை விதமான மூக்கு அக்கா! இனிமேல் கடிதத்தைக் கடை முகவரிக்கே போடு. உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். வீட்டில் தபால் பெட்டி உடைந்துவிட்டது. போனும் கெட்டுப்போய்விட்டது.

கேட்ட படம் உள்ளே இருக்கிறது. மேனேஜரும் இன்னும் ஐந்து பேரும். மற்றவற்றைப் படத்துக்குள் அடக்க முடியவில்லை. எல்லாம் இருக்கின்றன.

உன் கால்வலி எப்படி? நின்றுகொண்டே வேலை செய்யாதே, ஒரு முக்காலி கேள்.

உன் தங்கச்சி


மே 10

தங்கச்சிக்கு,

நலம். நீ நலமென்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

படத்தை வேலை மேசைக்கு எடுத்துப் போய், தையல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கேட்டுக்கொள்.

மேனேஜர் உச்சி வெளுத்திருக்கிறது. புது முள் பஞ்சுநூல் மாதிரி மெலிசாக வந்திருக்கிறது. ஆறு செடியும் ஒரே பக்கம் சாய்கின்றன. உன் பால்கனியில் மூன்று பக்கமும் வெளிச்சம், அங்கே சாய்வதற்கு வழியே இல்லை. பின்னால் தெரிகிற கம்பி நீலம். உன் வீட்டுக் கம்பி பழுப்பு. முள்ளின் மேலெல்லாம் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. முதலில் பூச்சியோ என்று பதறிவிட்டேன். பூச்சியென்றால் மடிப்புக்குள் திட்டுத்திட்டாக ஒளியும். இது மேலாகச் சீராகப் படிந்திருக்கிறது. கல் அறுக்கிற தூள். வேறெதுவும் இப்படி விழாது. ஒரு கல்பட்டறைக்கு மேலே, ஒற்றை ஜன்னல், மாலை வெயில் மட்டும் எட்டிப் பார்க்கிற அறை. அங்கே என் செடிக்கு என்ன வேலை?

மிச்சம் இருபத்தைந்து எங்கே? விற்றாயா? யாருக்காவது தானம் செய்துவிட்டாயா? உடைந்த தபால் பெட்டி, கெட்டுப்போன போன், திடீர் வேலை. எல்லாம் ஒரே மாதத்தில்! என்னைப் பார்த்தால் முட்டாளாகத் தெரிகிறதா? நான் இங்கே மேல் கட்டிலில் முதுகு ஒடியக் கிடப்பது எதற்காக? திரும்பி வந்து தொட்டிகளோடு ஒரு மூலையில் நிம்மதியாக உட்காரத்தானே? அதில் கைவைத்திருக்கிறாய்.

நடந்ததை நடந்தபடி எழுது. இல்லையென்றால் மாப்பிள்ளையிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


மே 19

அக்கா,

நான் நலம்.

செடி எதையும் விற்கவில்லை. உன்மேல் ஆணை.

அவருக்கு எழுதாதே. கேட்பது இந்த ஒன்றுதான். நீ வந்ததும் எல்லாவற்றையும் நேரில் சொல்கிறேன். அதுவரை அவருக்கு மட்டும் எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி


ஜூன் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயிலில் தெருத்தெருவாக அலைகிற வேலை, தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்ப விஷயம். தங்கச்சி என்னிடம் எதையோ மறைக்கிறாள். என் செடிகளில் ஆறை வேறெங்கோ கொண்டுபோய் வைத்திருக்கிறாள். எனக்கு அனுப்பிய படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கணக்கில் அது ஏதோ கல் அறுக்கும் பட்டறையின் மாடி. கடிதத்தையும் வீட்டுக்குப் போட வேண்டாம், வேறு முகவரிக்குப் போடு என்கிறாள். உங்களுக்கு எழுதக் கூடாதாம். எழுதாதே என்று சொன்ன பிறகுதான் எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் ஒழுங்கானவர். பக்குவமாகக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவளைத் திட்ட வேண்டாம். அது என் வேலை.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 11

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். நானும் தங்கள் தங்கையும் மிக்க நலம். தங்கள் நலத்திற்கு எப்போதும் போல வேண்டிக்கொள்கிறோம்.

தாங்கள் என்மேல் நம்பிக்கை வைத்து எழுதியதற்கு நன்றி. வீட்டில் எந்தக் குறையும் இல்லை. தபால் பெட்டியும் நன்றாகவே இருக்கிறது, தினமும் நானே திறந்து பார்க்கிறேன். அந்த ஆறு தொட்டிகளை ஏதோ சிநேகிதி வீட்டில் வைத்திருக்கிறாள் போலும். கேட்டால் அழுகிறாள். எனவே அவளைத் தொந்தரவு செய்யாமல் நானே போய் எடுத்துவந்து, தங்கள் மனதைக் குளிர வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இங்கே கல்பட்டறைகள் மூன்று இருக்கின்றன. ஜூலை முதல் வாரம் எனக்கு அந்தப் பகுதியில்தான் ரீடிங். எத்தனையாவது மாடி, ஜன்னல் எந்தத் தெருவைப் பார்த்திருக்கும் என்பதைத் தங்கள் அனுபவத்தால் கணித்துச் சொன்னால் வேலை சுலபம். தங்களுக்கு அவள் கொடுத்த அந்த வேறு முகவரியையும் தெரிவிக்கவும். கேட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

பால்கனியில் உள்ள இருபத்தைந்து தொட்டிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். தினமும் காலை ஆறு மணிக்குத் தொட்டிக்கு அரை டம்ளர் வீதம் அவளே அளந்து ஊற்றுகிறாள். மூன்று மாதமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இதை எழுதும்போதுகூட அங்கேதான் நிற்கிறாள், தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பதிலை விரைவில் எதிர்பார்க்கும்,
தங்கள் மாப்பிள்ளை


ஜூன் 20

என் தங்கமே,

அவர் கடிதம் இன்றைக்கு மதியம் வந்தது. இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத முத்து முத்தான எழுத்து. தினமும் அரை டம்ளர் என்ற இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

நீ அப்படி ஊற்ற மாட்டாய். தூக்கத்தில்கூட ஊற்ற மாட்டாய். நீ பக்கத்தில் நின்றால் வேறு ஒருவரையும் ஊற்ற விட மாட்டாய். மூன்று மாதமாக அந்தத் தொட்டிகளுக்கு ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார் என்றால், மூன்று மாதமாக நீ அந்த வீட்டில் இல்லை.

உன் கடிதங்களையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துத் திரும்பப் படித்தேன். கீழ்க் கட்டில்காரி ஏறி வந்து, "என்னக்கா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கதவு இடுக்கில் காகிதம் வைக்கிறார் என்று நீ எழுதியிருக்கிறாய். நல்ல யோசனை என்று பதில் எழுதியிருக்கிறேனே, நான் மனுஷிதானா? படத்தின் ஓரத்தில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஒன்றே ஒன்று. அதையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். செடி இல்லை என்று தள்ளிவிட்டேன். நீ எழுதிய ஒவ்வொரு வரியையும் ஜிப்பை இழுக்கிறமாதிரி இழுத்துப் பார்த்தவள், 'நலம்' என்று நீ தொடங்குகிற வரியை மட்டும் ஒரு தடவைகூட சந்தேகப்படவில்லையடி.

இப்போது கவனமாகக் கேள். நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். படத்தை அவருக்கு அனுப்பிவிட்டேன். கல்பட்டறை மாடி என்றும் எழுதித் தொலைத்துவிட்டேன். கடை முகவரியைச் சொல்லவில்லை. ஜூலை முதல் வாரம் ரீடிங் எடுக்கிற சாக்கில் மூன்று பட்டறைக்கும் வருவார். மாடி ஜன்னலில் கள்ளியைத் தேடுவார்.

மேனேஜரைத் தூக்கிப் போடு. ஆறையும் போடு. குப்பையிலோ, ஆற்றிலோ, எங்கேயோ. ஜன்னலில் ஒரு முள்கூடத் தெரியக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் என்று யோசிக்காதே, நான் யோசித்து முடித்துவிட்டேன். முடிந்தால் அறையையும் மாற்று. நான் லீவு கேட்டிருக்கிறேன். தரவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன்.

அவருக்கும் இன்றைக்கே ஒரு கடிதம் போடுகிறேன். இதுவரை நான் பொய் எழுதிப் பழகியதில்லை. எப்படி வருகிறதென்று பார்க்கலாம்.

எப்படி இருக்கிறாய் என்று உண்மையாக எழுது.

உன் அக்கா


ஜூன் 20

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மிக்க நலம். உங்கள் இருவரின் நலம் கண்டு மனம் நிறைந்தது. உங்களைப் போல ஒரு மாப்பிள்ளை கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு தவறைத் திருத்தவே இந்தக் கடிதம். போன தடவை அவசரப்பட்டுக் கல்பட்டறை என்று எழுதிவிட்டேன். நிதானமாக யோசித்ததில் அது கல் தூளே இல்லை. குளிர் கடுமையாக உள்ள இடங்களில் கள்ளி தன்னைக் காத்துக்கொள்ள மேலே வெள்ளையாக மெழுகு பூசிக்கொள்ளும். முள்ளின் அடி சிவந்திருக்கிறதே, கவனித்தீர்களா? அதுவும் குளிரால்தான். ஆகவே அது ஏதோ மலைமேல் உள்ள ஊர். ரயிலில் ஒரு பகலாவது போக வேண்டும். அவளுடைய பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள், அவளுக்குப் பரிசாக அனுப்பியிருப்பாள். போகட்டும், விட்டுவிடுங்கள். பட்டறை பட்டறையாக நீங்கள் அலைய வேண்டாம். அந்த வேறு முகவரி எழுதிய உறையைத் தொலைத்துவிட்டேன்.

இருபத்தைந்து தொட்டிகளுக்கும் நீங்கள் ஏற்பாடு செய்திருக்கிற தண்ணீர் அளவு மிகச் சரி. ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். உங்கள் பொறுப்பை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

நன்றியுள்ள அண்ணி


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உன்மேல் எனக்கிருந்த கோபம்தான். கடிதத்தைத் தொடங்குவேன், கிழிப்பேன். இது ஐந்தாவது காகிதம்.

உன் கடிதம் ஜூன் இருபத்தொன்பதாம் தேதி கடைக்கு வந்தது. படித்துவிட்டு அறைக்கு ஓடினேன். மேனேஜரைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாடிப்படி வரை போனேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டை விட்டு வந்த அன்றைக்கும் இப்படித்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு பையில் துணி, ஒரு வாளியில் மேனேஜர், பெட்டியில் மற்ற ஐந்து பேர். அதற்குமேல் கை இல்லை. பஸ்ஸில் முள்ளைப் பார்த்துப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. காலை நீட்டிக்கொண்டு, நடந்து வந்த பாதையை ஒருவருக்கும் ஒப்பிக்க வேண்டியதில்லாமல், கடைசி நிறுத்தம் வரை வந்தேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த ஆசாமியைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. நீ போடச் சொன்னாலும் சரி, அது இப்போது என் செடியும்தான். திரும்ப ஜன்னலிலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை மூன்றாம் தேதி பதினோரு மணிக்கு அவர் வந்தார். எனக்கு அன்று கடை விடுமுறை. தெருவில் நின்று அண்ணாந்து மேனேஜரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அறைக்குள் ஒளிந்துகொள்ள நேரம் இருந்தது. ஒளியவில்லை.

மேலே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ள யாரு இருக்கா?" என்னைப் பார்த்து நாலு மாதமாகிறது, அதைத்தான் கேட்டார். "மேனேஜர்"னேன். முகம் கறுத்துப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். டம்ளரை எண்ணினார். எண்ணுவதற்கு ஒன்றுதான் இருந்தது.

பையிலிருந்து உன் கடிதம் இரண்டையும் எடுத்தார். "மொதக் கடுதாசியக்கூட நான் முழுசா நம்பல. ரெண்டாவது வந்ததும்தான் உறுதியாச்சு. உங்க அக்கா பொறந்ததுலேருந்து யாரையாவது பாராட்டியிருக்காளா? என்னை நெனச்சுப் பெருமைப்படுறாளாம்!" என்றார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. வாங்கி நானும் படித்தேன். இருபத்தைந்து தொட்டிக்கும் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லி உன் கையால் எழுதியிருந்தாயே, அந்த வரியில் நின்றுவிட்டேன். அது எழுத உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்புறம்தான் எனக்குக் குரல் வந்தது.

"வீட்டுக்குக் கெளம்பு" என்றார். "இதுதான் வீடு"ன்னேன். கையைப் பிடிக்க வந்தார். கீழே கல் அறுக்கிற இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. பட்டறைக்கார அம்மாவும், மெருகு போடுகிற பெண்கள் நாலு பேரும் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூளோடு படியில் வரிசையாக நின்றார்கள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு சொன்னேன்: "மீட்டர் கீழதான் இருக்கு. ரீடிங் எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

பிறகு அவர்களுக்கு நடுவே இறங்கிப் போனார். கீழே உண்மையாகவே ரீடிங் எடுத்தார் அக்கா. எழுதி, கையெழுத்துப் போட்டு, சீட்டைக் கிழித்துப் பட்டறைக்கார அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்தம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரீடிங்க சரியாத்தான் போட்டிருக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் ஒரு மணி நேரம் அழுதேன். இந்த மாத ரீடிங்குக்கு வேறு ஆள் வந்தார்.

உன் இருபத்தைந்தும் அழுகிப் போயிருக்கும். கேட்க எனக்கு வழியில்லை. மன்னித்துவிடு.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். தூக்கம் சரியாக இல்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பசிக்கிறது, சாப்பிடுகிறேன். கடையில் என்னைத் திருகு முடுக்குவதிலிருந்து கண்ணாடி தேய்க்கிற இயந்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மே மாதம் நீ எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது, அடியில் 'அக்கா' என்று இல்லாமலிருந்தால் அது அவர் எழுதியது என்றே நினைத்திருப்பேன். கம்பி என்ன நிறம், வெள்ளையாக இருப்பது என்ன, எதை மறைக்கிறாய், யாரிடம் கேட்டுக்கொள்வேன். ஒரு வீட்டிலிருந்து தப்பி வந்தால் தபாலில் அதே வீடு பின்னாலேயே வருகிறதே என்று இருந்தது. நீ என்னை வளர்த்தவள். உன்னை விட்டுவிட்டு நான் எங்கே போக? அதனால்தான் சொல்கிறேன். இனிமேல் எனக்கு ஸ்கேல் வைத்த படம் கேட்காதே. சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். சொல்லாததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வேன்.

லீவு கிடைத்தால் வா. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, ரொம்ப. கட்டில் ஒன்றுதான், சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் திடீரென்று வந்து நிற்காதே. தேதி எழுதிவிட்டு வா. வந்ததும் கதவைத் தட்டு. நான் வந்து திறக்கும் வரை வெளியிலேயே நில்.

உன் தங்கச்சி